கொல்லைப்புறத்தில் ஒரு குட்டி வீடு: பிளான் போடும் முன் பார்க்க வேண்டியவை

கலிபோர்னியாவில் சொந்த வீடு வாங்கிச் சில வருடங்கள் ஓடிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் இப்போது அடிக்கடி எழும் பேச்சு, பின்பக்கத்தில் ஒரு ஏடியு, அதாவது அதே மனையில் துணையாக ஒரு குட்டி வீடு, கட்டலாமா என்பது. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்குத் தனியாக ஓர் இடம் வேண்டும். கூப்பிட்டால் கேட்கிற தூரத்திலும் இருக்க வேண்டும். ஃப்ரீமாண்ட், சன்னிவேல், சான் ஹோசே பக்கம் இன்னொரு வீடு வாங்குவது பெரும்பாலோருக்கு நடக்கிற காரியமில்லை. கொல்லையிலோ புல் மட்டும் வளர்கிற இடம் கிடக்கிறது. 2020-ல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டங்களும், பின்னால் வந்த திருத்தங்களும் இதற்கு அனுமதி வாங்குவதை நிறையவே எளிதாக்கிவிட்டன.

ஆசை வந்ததும் பலர் செய்கிற முதல் வேலை ஒரு டிசைனரைப் பிடித்து பிளான் வரையச் சொல்வது. என்னைக் கேட்டால் அது மூன்றாவது வேலை. அந்த வீட்டில் யார் இருக்கப் போகிறார்கள் என்பது முதலாவது. அந்த மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது. இந்த இரண்டும் தெரியாமல் வரைந்த பிளானைத்தான் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டி வருகிறது. கீழே உள்ள சட்ட விவரங்கள் கலிபோர்னியாவுக்கு உரியவை. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் தங்கள் ஊர் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழாய், மண், மின்சாரம் பற்றிச் சொல்வது எல்லோருக்கும் பொருந்தும்.

1. யாருக்காகக் கட்டுகிறீர்கள் என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பெற்றோர் வருகையாளர் விசாவில் வந்தால் ஒரு தடவைக்குப் பொதுவாக ஆறு மாதம்தான் தங்க முடியும். மீதி மாதங்களில் வீடு பூட்டிக் கிடக்குமா, வாடகைக்குப் போகுமா, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு அலுவலக அறையாகுமா? நாள் வாடகைக்கு விட்டு வருமானம் பார்க்கலாம் என்ற கணக்கு வேண்டாம். 30 நாளுக்கு மேற்பட்ட வாடகைக்குத்தான் விட வேண்டும் என்று நகராட்சிகள் நிபந்தனை போடச் சட்டம் இடம் தருகிறது, பெரும்பாலும் போடுகிறார்கள். கிரீன் கார்டோடு நிரந்தரமாக வருகிறவர்கள் என்றால் கேள்வியே வேறு. இன்று எழுபது வயதில் நன்றாக நடக்கிற அப்பாவுக்கு எண்பதில் வாக்கர் தேவைப்படலாம். பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அவர் எங்கே படுப்பார்? பெரியவர்களையும் இந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். "எங்களுக்கு எதுக்குப்பா தனி வீடு, உங்களோடயே இருக்கோமே" என்று அம்மா சொல்லக்கூடும். அதைக் கட்டி முடித்த பிறகு கேட்பதைவிட இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

2. தனியாக நிற்கிற கட்டடம்தான் வேண்டுமா என்று ஒரு முறை யோசியுங்கள். வீட்டுச் சுவருக்குள்ளேயே 500 சதுர அடி வரை ஒதுக்கிச் சின்னச் சமையல் மேடையோடு அமைப்பது ஜூனியர் வகை. வீட்டை ஒட்டி இழுத்துக் கட்டுவது இன்னொன்று. கேரேஜை மாற்றுவது மூன்றாவது. ஏற்கெனவே இருக்கிற கேரேஜ் மனை எல்லையை ஒட்டியே நின்றாலும், அதே இடத்தில் அதே அளவில் மாற்றும்போது கூடுதலாக இடம் விடச் சொல்ல முடியாது. போன பார்க்கிங்குக்குப் பதில் வேறு பார்க்கிங் காட்டவும் தேவையில்லை. ஆனால் கேரேஜ் மாற்றுவது மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பழைய கேரேஜ் தளத்துக்கு அடியில் ஈரம் தடுக்கும் தாள் இருக்காது, தரை வாசல் பக்கம் சாய்ந்திருக்கும், சுவரில் இன்சுலேஷன் இருக்காது, கழிவுநீர்க் குழாய் எங்கோ தூரத்தில் இருக்கும். நான்கையும் சரிசெய்யும் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

3. மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சட்டம் தெரிந்த மாதிரி: 800 சதுர அடி, 16 அடி உயரம், பக்கத்திலும் பின்னாலும் 4 அடி இடைவெளி. தனி வீட்டு மனையில் இந்த அளவுக்குள் அடங்குகிற ஒரு ஏடியுவை, மனையில் இத்தனை சதவீதம்தான் கட்டலாம், இத்தனை திறந்தவெளி விட வேண்டும் என்பது போன்ற உள்ளூர் விதியைக் காட்டி மறுக்க முடியாது. அதைவிடப் பெரிதாகவும் கட்டலாம். தனிக் கட்டடத்துக்கு 1,200 சதுர அடி வரை மாநிலச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் 800-ஐத் தாண்டியதும் ஊருக்கு ஊர் விதி மாறும்.

4. சட்டம் 4 அடி போதும் என்கிறது. முடிந்தால் 5 அடி விடுங்கள். கட்டட விதிப்படி எல்லையிலிருந்து 5 அடிக்குள் வரும் சுவர், ஸ்பிரிங்க்ளர் இல்லாத வீட்டில், ஒரு மணி நேரம் தீயைத் தாங்கும்படி கட்டப்பட வேண்டும். அந்தச் சுவரில் ஜன்னல், கதவுக்கும் கால் பங்குக்கு மேல் இடமில்லை. கூரை விளிம்புக்கும் தனிப் பாதுகாப்பு வேண்டும். ஓர் அடி நகர்த்தினால் இந்தச் செலவுகள் பெரும்பாலும் விழாது. பக்கவாட்டில் ஏணி வைத்து ஏறவும், ஏசி வெளிப்பெட்டி வைக்கவும் அந்த ஓர் அடி உதவும்.

5. வேலி நிற்கிற இடம்தான் எல்லை என்று நினைக்காதீர்கள். நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ நட்ட வேலி ஓர் அடி இப்படியோ அப்படியோ இருப்பது சாதாரணம். லைசென்ஸ் பெற்ற சர்வேயரை வைத்து மூலைக் குறிகளைக் கண்டுபிடித்து அளந்துவிடுங்கள். சில ஆயிரம் டாலர் ஆகும்தான். ஆனால் அஸ்திவாரம் போட்ட பிறகு பக்கத்து வீட்டுக்காரர் அளந்து பார்த்தால் ஆகும் செலவோடு இதை ஒப்பிடவே முடியாது.

6. வீடு வாங்கியபோது டைட்டில் கம்பெனி கொடுத்த ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். அதில் ஈஸ்மென்ட் என்று ஒரு பகுதி இருக்கும்: மின்சாரம், தொலைபேசி, மழைநீர் வடிகால் ஆகியவற்றுக்காக மனையில் ஒதுக்கி வைத்த பட்டை. பின்வேலியை ஒட்டி இது ஓடுவது மிகவும் வழக்கம். மண் உங்களுடையதுதான், ஆனால் அதன் மேல் கட்ட முடியாது. பின்வேலியிலிருந்து 4 அடி விட்டால் போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பவர்கள், அங்கே அகலமான ஈஸ்மென்ட் ஓடுவதைப் பார்த்ததும் மொத்த பிளானையும் முன்னால் இழுக்க வேண்டி வரும்.

7. இப்போது கழிவுநீர்க் குழாய். இந்தப் பட்டியலில் எதையாவது ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

கழிவுநீர் தானாக ஓட வேண்டும். அதற்கு நான்கு அங்குலக் குழாய்க்கு ஓர் அடி நீளத்துக்குக் கால் அங்குலம் இறக்கம் என்பது பொதுவான கணக்கு. கொல்லையின் கோடியில் கட்டுகிற வீட்டிலிருந்து தெருப் பக்கம் போகும் பழைய குழாயில் இணைக்கிற இடம் வரை 80 அடி என்று வையுங்கள். 20 அங்குலம் கீழே இறங்க வேண்டும். அந்த வீட்டின் தளத்துக்கு அடியில் குழாய் புறப்படும் ஆழத்தையும் இதோடு கூட்டுங்கள். பழைய குழாய் அந்த ஆழத்தில் இருந்தால் பிரச்சினையே இல்லை. மேலாக ஓடினால் என்ன செய்வது? குட்டி வீட்டின் தரையை உயர்த்த வேண்டும். அப்போது வாசலில் படி வந்துவிடும், வயதானவர்களுக்கு அது ஆகாது. இல்லையென்றால் கழிவை மேலே தள்ள பம்ப் வைக்க வேண்டும்; அதற்கு மின்சாரம் வேண்டும், பராமரிப்பு வேண்டும், கரன்ட் போனால் கழிப்பறையும் போச்சு. தெரு மட்டத்தைவிடக் கொல்லை தாழ்வாக இருக்கிற மனைகளில் இது கட்டாயம் எழும் கேள்வி.

எனவே ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குழாய் எந்த வழியாகப் போகிறது, ஒவ்வொரு இடத்திலும் எத்தனை ஆழம், எங்கே வேர் புகுந்திருக்கிறது, எங்கே உடைந்திருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். வீடியோவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டிசைனரிடம் அதைக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். அறுபதுகளில் கட்டிய வீடுகளில் களிமண் குழாய்களே இன்னும் இருக்கின்றன. இரண்டாவது குடும்பத்தின் சுமையை அவை தாங்குமா என்பதும் அந்த வீடியோவில் புரியும். செப்டிக் டேங்க் இருக்கிற மலைப்பகுதி மனை என்றால் மாவட்டச் சுகாதாரத் துறையிடம்தான் முதல் கேள்வி. மற்றவை எல்லாம் அதன் பிறகு.

8. மெயின் பேனலைத் திறந்து பெரிய பிரேக்கரில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பழைய வீடுகளில் 100 ஆம்ப் இருக்கும். ஏற்கெனவே கார் சார்ஜர், ஏசி, டிரையர் ஓடுகிற வீட்டில் அதே பேனலிலிருந்து இன்னொரு வீட்டுக்கு இண்டக்‌ஷன் அடுப்பு, ஹீட் பம்ப், வெந்நீர் ஹீட்டர் எல்லாம் கொடுக்க முடியாமல் போகலாம். எலக்ட்ரீஷியனிடம் லோடு கணக்கு போட்டுத் தரச் சொல்லுங்கள். 200 ஆம்புக்கு மாற்ற வேண்டும் என்றால் மின் நிறுவனத்தின் அனுமதியும் வேலையும் தேவை. அதற்கு மாதக் கணக்கில் ஆவது உண்டு. அந்த விண்ணப்பத்தை பிளான் முடியும் வரை காத்திராமல் முன்கூட்டியே தொடங்கிவிடலாம்.

9. சமையல் எரிவாயு இணைப்பை விட்டுவிடலாம் என்பது என் யோசனை. ஒரு பள்ளம் குறைகிறது, ஒரு குழாய் குறைகிறது, தனியாக இருக்கும் பெரியவர் அடுப்பை மறந்தாலும் பயமில்லை. நம் தோசைக்கல் இரும்புதான். இண்டக்‌ஷனில் நன்றாகவே வேலை செய்யும். அலுமினியப் பாத்திரங்களைத்தான் மாற்ற வேண்டும்.

10. தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் மூன்றும் கொல்லைக்குப் போகிற வழியை ஒரே தாளில் வரையச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று விட வேண்டிய தூரத்தை விட்டு ஒரே வழியில் பள்ளம் வெட்டினால் கூலி மிச்சம். அந்தப் பள்ளத்தில் ஒரு வெற்றுக் குழாயையும் சேர்த்துப் போட்டு மூடுங்கள், உள்ளே இழுக்கக் கயிறோடு. இன்டர்நெட் கேபிளுக்கோ நாளை வேறு எதற்கோ உதவும். மூடிய பிறகு மறுபடி வெட்டுவதுதான் செலவு.

11. மண்வெட்டி வைக்கும் முன் 811-க்கு அழைக்க வேண்டும். அழைத்த நாளைச் சேர்க்காமல் குறைந்தது இரண்டு வேலை நாள் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். இலவச சேவை, வந்து தரையில் வண்ணக் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் அவர்கள் காட்டுவது நிறுவனங்களுக்குச் சொந்தமான குழாய்களையும் கம்பிகளையும் மட்டும்தான். மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ளது (தோட்டத் தண்ணீர்க் குழாய், வெளி அடுப்புக்குப் போகும் எரிவாயுக் குழாய், பழைய விளக்குக் கம்பி) உங்கள் பொறுப்பு.

12. மரங்களை அளந்து பாருங்கள். சான் ஹோசேயில் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு 38 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் உங்கள் மனையில் நிற்கும் மரத்தையே வெட்ட பெர்மிட் வேண்டும். பல ஊர்களில் ஓக் மரங்களுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. வெட்டாமல் கட்டினாலும் வேர்ப் பரப்பில் அஸ்திவாரம் வரக்கூடாது என்பார்கள். பக்கத்து மனை மரத்தின் வேர் உங்கள் பக்கம் வந்திருந்தாலும் இதே கதைதான். ஒன்று சொல்ல வேண்டும்: மேற்கு வெயிலை மறைக்கிற பெரிய மரம் ஒன்று நிற்கிறது என்றால் வீட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டியாவது அதைக் காப்பாற்றுங்கள். கோடையில் அதன் அருமை தெரியும்.

13. ஜனவரி, பிப்ரவரி மழையில் கொல்லைக்குப் போய் வீடியோ எடுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, மழை விட்டு எத்தனை நேரம் நிற்கிறது என்று. வளைகுடாப் பகுதியில் (பே ஏரியாவில்) பல இடங்களில் களிமண். மழைக்கு உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அப்படிப்பட்ட மண்ணில் சாதாரணத் தளம் போட்டால் விரிசல் விடும். மண் பரிசோதனை அறிக்கை தேவையா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் ஆரம்பத்திலேயே கேளுங்கள். சில நகராட்சிகள் கட்டாயம் கேட்கும்.

14. சாமான் எப்படி உள்ளே வரும்? வீட்டுக்குப் பக்கவாட்டில் உள்ள வழியை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். கேஸ் மீட்டர், ஏசி பெட்டி துருத்துகிற இடத்தில் தனியாக அளக்க வேண்டும். மூன்றடி வழியில் நுழையும் சின்னப் பள்ளம் வெட்டும் இயந்திரங்கள் இருக்கின்றன. அதுவும் நுழையாது என்றால் எல்லாம் கையால் வெட்டி, தள்ளுவண்டியில் மண் எடுத்து, கான்கிரீட்டைப் பம்ப் வழியாக விட வேண்டும். ஃபேக்டரியில் கட்டி முழுதாகக் கொண்டு வந்து வைக்கிற வீடு என்றால் கிரேன் நிற்கத் தெருவில் இடம் வேண்டும், மேலே மின்கம்பி குறுக்கே போகக்கூடாது. விளம்பரத்தில் பார்க்கிற விலையில் இந்தக் கிரேன் செலவும் அஸ்திவாரமும் குழாய் இணைப்பும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

15. தீயணைப்பு வண்டி நிற்கிற இடத்திலிருந்து கட்டடத்தின் எல்லாப் பக்கமும் 150 அடிக்குள் எட்ட வேண்டும் என்பது தீயணைப்பு விதி. நீளமான மனையில் கோடியில் கட்டுபவர்கள் இதை அளந்து பார்க்க வேண்டும். ஸ்பிரிங்க்ளர் பற்றிப் பயப்பட வேண்டாம். பெரிய வீட்டுக்கு அது கட்டாயமில்லை என்றால் குட்டி வீட்டுக்கும் கட்டாயமில்லை.

16. அளவைத் தீர்மானிக்கும்போது 750 என்ற எண் முக்கியம். அதற்குக் குறைவான ஏடியுவுக்கு நகராட்சி இம்பாக்ட் ஃபீ (ஊரின் பொது வசதிகளுக்கான கட்டணம்) வசூலிக்க முடியாது. 750-ஐத் தாண்டினால் பெரிய வீட்டின் பரப்போடு ஒப்பிட்டு விகிதப்படி கட்ட வேண்டும். சந்தையில் 749 சதுர அடி பிளான்கள் ஏராளமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். 500-ஐத் தாண்டினால் பள்ளி மாவட்டத்துக்கும் ஒரு கட்டணம் வரலாம். பெர்மிட் கட்டணமும் பிளான் பரிசீலனைக் கட்டணமும் எப்படியும் உண்டு.

வயதான இருவர் இருக்க 600 முதல் 750 சதுர அடிக்குள் ஒரு படுக்கையறை வீடு தாராளம் என்பது என் எண்ணம். ரொம்பவும் சின்னதாக்கினால் செலவு அதே விகிதத்தில் குறையாது. சமையலறை, குளியலறை, பள்ளம், பேனல், பெர்மிட் எல்லாம் 400 சதுர அடிக்கும் ஏறக்குறைய அதேதான்.

17. பெரியவர்களுக்கான வீட்டைக் குளியலறையிலிருந்து வரையத் தொடங்குங்கள். ஹாலும் படுக்கையறையும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம். குளியலறை சரியில்லை என்றால் விழுவார்கள்.

ஷவர் இடத்துக்கும் மற்ற தரைக்கும் நடுவே தடுப்புக் கட்டை இருக்கக்கூடாது. இதை டைல்ஸ் ஒட்டுகிற நேரத்தில் யோசித்தால் முடியாது. ஷவர் வருகிற இடத்தில் தளத்தையே கொஞ்சம் தாழ்த்திக் கான்கிரீட் போட வேண்டும் என்பதால் அஸ்திவாரப் படத்திலேயே இருக்க வேண்டும். கைப்பிடிகளை இப்போது மாட்டாவிட்டாலும் சுவருக்குள் அதைத் தாங்கும் மரக்கட்டை வேண்டும். 2024 ஜூலையிலிருந்து புதிய வீடுகளில் நுழைவுத் தளத்தில் ஒரு குளியலறையிலாவது இது மாநிலக் கட்டட விதியாகவே ஆகிவிட்டது. இருந்தாலும் கழிப்பறைக்குப் பக்கத்திலும் ஷவரிலும் எங்கெங்கே என்று நீங்களே குறித்துக் கொடுங்கள்; பெரியவர் உயரத்துக்கு ஏற்ப இடம் மாறும். வாளியில் தண்ணீர் பிடித்துக் குளிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத் தாழ்வாக ஒரு குழாயும், கையில் பிடிக்கிற ஷவரும், உட்கார ஒரு மேடையும் வைக்கலாம். கழிப்பறை அருகே ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் வெந்நீர் வரும் பிடே இருக்கையைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் பொருத்தலாம்.

வாசலில் படி வேண்டாம். எல்லாக் கதவும் மூன்றடி அகலம் இருக்கட்டும். சக்கர நாற்காலி நுழையக் குறைந்தது 32 அங்குலம் திறப்பு வேண்டும். கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகும் பாதை நேராக, இரவில் தானாக எரியும் விளக்கோடு இருக்கட்டும். பெரிய வீட்டின் பின்கதவிலிருந்து குட்டி வீட்டு வாசல் வரை உள்ள நடைபாதையையும் பிளானில் வரைந்துவிடுங்கள். மழையில் வழுக்காத சிமென்ட் தரை, நாலடி அகலம், விளக்கு. ராத்திரி சாப்பிட்டுவிட்டு அம்மா நடந்து போகிற வழி அது.

18. சமையலறையில் வேறு எதைக் கவனிக்காவிட்டாலும் ஹூட்டைக் கவனியுங்கள். தாளிக்கிற புகையை வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடும் ஹூட் இந்த அளவு வீட்டுக்கு உதவாது. புது வீடுகளில் காற்றுக் கசிவு மிகவும் குறைவு. மிளகாய் வதக்கிய நெடி படுக்கைத் துணி வரை போகும். அடுப்பை வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் ஹூட் குழாய் குட்டையாக, நேராக வெளியே போய்விடும். சாமி அலமாரி எங்கே என்பதையும் டிசைனரிடம் சொல்லுங்கள். சாம்பிராணி போடுகிற இடத்துக்கு நேர் மேலே புகை அலாரம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். கிரைண்டருக்கு மேடையில் ஒரு பிளக், அரிசி மூட்டைக்குக் கீழ்த்தட்டு: சின்ன விஷயங்கள்தான், ஆனால் கேட்டால்தான் வரும்.

19. ஜன்னல் வைக்கும் முன் நாற்காலியைப் போட்டு அந்த இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்கு நேரே இருந்தால் இரு பக்கமும் திரை எப்போதும் மூடியே கிடக்கும். மேற்கே பெரிய ஜன்னல் வேண்டாம். பகல் முழுவதும் வீட்டிலேயே இருக்கிற பெரியவர்களுக்கு உங்கள் வீட்டு நடமாட்டம் தெரிகிற மாதிரி ஒரு ஜன்னல் இருந்தால் தனிமை குறையும்.

20. அக்கம்பக்கத்தாரின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. பொது விசாரணையும் கிடையாது. அதனாலேயே நீங்களாகப் போய்ச் சொல்லுங்கள். மாதக் கணக்கில் சத்தமும் தூசியும் அவர்களுக்கும்தான்.

21. நகராட்சியின் பிளானிங் கவுன்டருக்கு பிளான் இல்லாமலேயே போகலாம். மனை எண்ணைக் கொடுத்து இவற்றைக் கேளுங்கள்: தீ அபாய மண்டலமா, வெள்ள மண்டலமா, மண் அறிக்கை வேண்டுமா, கட்டணம் தோராயமாக எவ்வளவு, முன்பே அனுமதித்த பிளான்கள் எவை. 2025 ஜனவரி முதல் ஒவ்வொரு நகராட்சியும் இப்படி முன்னனுமதி பெற்ற பிளான்களுக்கு வழி செய்ய வேண்டும் என்பது சட்டம். அவற்றில் ஒன்றை எடுத்தால் 30 நாளில் முடிவு தர வேண்டும். மற்றவற்றுக்கு 60 நாள். இரண்டுமே விண்ணப்பம் முழுமையாக இருந்தால்தான் ஓடும் கெடு. தீ அபாய மண்டலம் என்றால் கூரை, ஜன்னல், காற்றுத் துளை எல்லாவற்றுக்கும் தனி விதி, செலவும் கூடும்.

22. புதிதாகத் தனியாகக் கட்டும் ஏடியுவுக்கு மாநில எரிசக்தி விதிப்படி சோலார் வைக்க வேண்டும். பெரிய வீட்டுக் கூரையிலும் வைக்கலாம். ஃபேக்டரி வீடுகளில் சில வகைக்கு விலக்குண்டு. மதிப்பீடு கேட்கும்போது இது உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.

23. செலவுக்கு வருவோம். பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில் மாநிலத்தின் நடுமதிப்பு சதுர அடிக்கு 250 டாலராக இருந்தது. வளைகுடாப் பகுதியில் 300-க்கு மேல். அதன் பிறகு கூலியும் மரமும் ஏறிவிட்டன. கம்பெனிகள் சொல்லும் விலையில் பெரும்பாலும் சேராதவை: சர்வே, மண் அறிக்கை, பேனல் மாற்றம், நீளமான கழிவுநீர்ப் பள்ளம், மரம் வெட்டுதல், மண் அகற்றுதல், நடைபாதை, வேலி, சோலார், கட்டணங்கள். இவற்றைத் தனிப் பத்தியாக எழுதிக் கூட்டி, மொத்தத்தில் பதினைந்து சதவீதமாவது கையிருப்பாக வையுங்கள். அப்படியும் கட்டுப்படியானால் இறங்கலாம்.

மாநிலம் ஒரு காலத்தில் ஆரம்பச் செலவுக்கு 40,000 டாலர் வரை மானியம் கொடுத்தது. ஒதுக்கிய நிதி தீர்ந்துவிட்டது. உங்கள் மாவட்டத்தில் வேறு திட்டம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

24. சொத்து வரி மொத்தமாக ஏறிவிடும் என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். 1978-ன் 13-ஆம் முன்மொழிவுப்படி பழைய வீட்டின் மதிப்பு அப்படியே இருக்கும். புதிதாகக் கட்டியதை மட்டும் மதிப்பிட்டுச் சேர்ப்பார்கள். அடிப்படை வரி ஒரு சதவீதம், உள்ளூர் வரிகள் அதற்கு மேல். 2,50,000 டாலர் என்று மதிப்பிட்டால் வருடத்துக்கு 2,500 டாலருக்கு மேல் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

25. வீட்டுக்காப்பீட்டு ஏஜென்டிடம் வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள். எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) இருக்கிற குடியிருப்பு என்றால் அவர்களிடமும். தனி வீட்டு மனைகளில் அவர்கள் ஏடியுவை அடியோடு தடுக்க முடியாது. நிறம், ஓடு போன்ற நியாயமான நிபந்தனைகள் போடலாம்.

26. காண்டிராக்டரின் லைசென்ஸ் எண்ணை மாநில லைசென்ஸ் போர்டின் இணையதளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா, எந்த வகை, 25,000 டாலர் பாண்டு இருக்கிறதா, தொழிலாளர் காப்பீடு இருக்கிறதா, புகார் உண்டா என்று எல்லாம் அங்கே தெரியும். முன்பணம் மொத்தத்தில் பத்து சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதுதான் சட்டம் அனுமதிப்பது. ஏடியு விலைக்கு எப்போதும் 1,000 டாலர்தான். இடத்தைப் பிடித்து வைக்க, ஃபேக்டரியில் வரிசையில் நிற்க என்று காரணம் சொல்லிப் பெருந்தொகை கேட்டால், எத்தனை நல்ல மனிதராகத் தெரிந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். முடித்த வேலைக்கு மட்டும் தவணை: அஸ்திவாரம், சட்டகம், குழாயும் வயரும், சுவர்ப் பலகை என்று இன்ஸ்பெக்‌ஷன் முடிந்த கட்டத்தை வைத்து எழுதுங்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. நீங்கள் காண்டிராக்டருக்கு முழுப்பணம் கொடுத்திருந்தாலும், அவர் தன் பிளம்பருக்கோ மரக்கடைக்கோ கொடுக்காமல் விட்டால், அவர்கள் உங்கள் வீட்டின் மேல் லீன் (பாக்கிக்காகச் சொத்தின் மீது உரிமை கோரும் பதிவு) போட முடியும். ஒவ்வொரு தவணையின்போதும் அந்தக் கட்டத்தில் வேலை செய்தவர்களிடமிருந்து லீன் விடுவிப்புக் கடிதம் வாங்கிய பிறகே காசோலை எழுதுங்கள்.

27. பெர்மிட்டை உங்கள் பெயரிலேயே எடுங்கள், அது சுலபம் என்று காண்டிராக்டர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்படி எடுத்தால் நீங்களே கட்டுபவராக ஆகிவிடுவீர்கள். வேலையாள் கீழே விழுந்தாலும் பொறுப்பு உங்கள் தலையில்.

28. நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். பள்ளமும் அஸ்திவாரமும் அதற்கு முன்னால் முடியும்படி பின்னோக்கிக் கணக்குப் போட்டால், வசந்தத்திலேயே விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். யோசனையில் தொடங்கிக் குடியேறுவது வரை ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். காண்டிராக்டர் சொன்ன தேதியை நம்பி அப்பா அம்மாவுக்கு விமான டிக்கெட் போட வேண்டாம்.

29. புது வீட்டுக்குத் தனி விலாச எண் வாங்கி, தெருவிலிருந்து தெரிகிற மாதிரி விளக்கோடு மாட்டுங்கள். 911-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் நேராகக் கொல்லைக்கு வர வேண்டும். ஸ்ட்ரெச்சர் போகிற மாதிரி பக்க வழிக் கதவு திறக்கிறதா என்றும் பாருங்கள்.

30. சுவர்ப் பலகை அடித்து மூடுவதற்கு முந்தின நாள், ஒவ்வொரு சுவரையும் டேப் நீட்டி வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். குழாய், வயர், கைப்பிடிக்கான மரக்கட்டை எல்லாம் எத்தனை அடியில் எங்கே என்று அதில் தெரிய வேண்டும். பிளான், பெர்மிட், ஒவ்வொரு இன்ஸ்பெக்‌ஷன் கையெழுத்து, கேமரா வீடியோ, லீன் கடிதங்கள் எல்லாவற்றையும் அதோடு ஒரே ஃபைலில் வையுங்கள். கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் கையெழுத்து விழுந்து, குடியிருக்கலாம் என்ற சான்று கைக்கு வந்த பிறகுதான் பால் காய்ச்சும் நாள் பார்க்க வேண்டும்.